மேட்ச் ஆகலை

“இது மேட்ச் ஆகலையே.” கேட்டால் வெறும் ரசனைப் பேச்சு மாதிரிதான் இருக்கும். ஆனால் இரண்டு பொருள்கள் பொருந்தாதபோது எது மாற வேண்டும் என்ற முடிவும் அதற்குள்ளேயே இருக்கிறது. அந்த முடிவை நாம் தனியாக எடுத்துப் பார்ப்பதில்லை.

எங்கள் வீவக வீட்டின் குளியலறையைச் சென்ற ஆண்டு புதுப்பித்தோம். குழாய், ஷவர், துண்டு மாட்டும் கம்பி எல்லாமே பளபளப்பில்லாத கறுப்பு. பழையதில் மிஞ்சியது முகம் பார்க்கும் கண்ணாடி மட்டும். அதன் தேக்குச் சட்டம், அம்மா கல்யாணமாகி ஈப்போவிலிருந்து வந்தபோது பாட்டி கொடுத்தனுப்பியது. மேலே வெளுத்துப்போன பச்சைச் சாயம். “தூக்கிப் போடு, இல்லன்னா கறுப்பு அடி” என்றாள் அக்கா. எனக்கோ பழைய பொருளின் அசல் தன்மையைக் கெடுக்கக் கூடாது என்ற எண்ணம். இலக்கியம் படிக்கிறவர்களுக்கு வழக்கமாக வருவதுதான்.

ஆனால் அசல் எது? சாயம் உரிந்த மூலையை உப்புத்தாளால் தேய்த்தால் பச்சைக்குக் கீழே வெள்ளை, அதற்குக் கீழே அரக்கு, அப்புறம்தான் மரம். அரக்கு, பாட்டி வீட்டு அலமாரியின் நிறம். வெள்ளை, அம்மா இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது சுவருக்கு ஏற்றபடி அடித்தது. ஒவ்வொரு பூச்சும் ஒரு காலத்தில் எதற்கோ மேட்ச் ஆவதற்காகப் பூசியதுதான். பச்சையைக் காப்பாற்றினால் கடைசியாக எடுத்த முடிவை மட்டும் காப்பாற்றுகிறேன். மரம் தெரியும்வரை தேய்த்து ‘பழமையை மீட்டுவிட்டேன்’ என்றால், அம்மாவும் பாட்டியும் எடுத்த முடிவுகளைத் தூசியாக்கிக் கூட்டித் தள்ளுகிறேன்.

சாயம் பூசுவதே ஒரு பொய் இல்லையா என்று கேட்கலாம். காந்தியைப் பெரிதும் பாதித்த ஜான் ரஸ்கின், 1849இல் கட்டடக் கலை பற்றி எழுதிய நூலில் இதை யோசித்திருக்கிறார். மரத்தைப் பளிங்குபோலத் தோன்றும்படி பூசுவது ஏமாற்று. ஆனால் செங்கல்லுக்குக் காரை பூசி அதன்மேல் ஓவியம் தீட்டுவது ஏமாற்று அல்ல என்பது அவர் வாதம். ஒரு பொருள் தன்னை வேறொரு பொருளாகக் காட்டிக்கொள்ளும்போதுதான் பொய் தொடங்குகிறது. அந்தக் கணக்கில், தேக்கை உலோகம்போலக் காட்ட முயன்றால் பொய். வெறுமனே நிறம் மாற்றினால் இல்லை.

இன்னொரு கேள்வியும் உண்டு. செய்ததைத் திரும்ப எடுக்க முடியுமா? 2018 ஆகஸ்டில் பத்துமலையின் 272 படிகளுக்கும் பல வண்ணங்களில் சாயம் பூசியபோது, மரபுடைமைத் துறையின் அனுமதி தொடர்பாகச் சர்ச்சை எழுந்தது. அனுமதி கேட்பது முறைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ‘பழமை போச்சே’ என்ற புலம்பலோடு எனக்கு உடன்பாடில்லை. அங்கே முதலில் இருந்தவை மரப்படிகள். கான்கிரீட் பிறகு வந்தது. படியின் சாயத்தை நாளைக்கே மாற்றலாம். பக்கத்தில் நிற்கும் சுண்ணாம்புப் பாறையை ஒருமுறை வெட்டினால் வெட்டியதுதான். இரண்டு இழப்பையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

இந்த இரண்டு கேள்விகளையும் தாண்டி வந்தாலும் எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. ஏன் சட்டம் மாற வேண்டும்? ஏன் குழாய் மாறக் கூடாது? பதில் எளிது. குழாய்க்கு விலை அதிகம். சட்டத்துக்கு ஒரு சின்ன டின் சாயம் போதும். யாரை மாற்றுவது மலிவோ, அவரே மாற வேண்டும்.

நம் வீடுகளில் ‘மேட்ச்’சுக்கு ஓர் அக்கா உண்டு: ‘அட்ஜஸ்ட்’. கல்யாணமாகி வந்த பெண் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும். மகன் வீட்டில் தங்க வந்த தாத்தா அட்ஜஸ்ட் பண்ணிக்கணும். வகுப்பில் இருக்கும் ஒரே தமிழ்ப்பிள்ளை, மற்றவர்கள் வாய்க்குத் தோதாகத் தன் பெயரைச் சுருக்கிக்கணும். யாரும் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. செலவுக் கணக்கைத்தான் நியாயம் என்று நினைத்துச் சொல்கிறார்கள்.

சட்டத்துக்கு வலிக்காது, தெரியும். மரத்துக்கு உரிமை இருக்கிறது என்றெல்லாம் நான் வாதாடவில்லை. ஆனால் ஒரு பொருளுக்குப் பின்னால் ஓர் ஆள் இருந்தால், கேள்வியை அந்த ஆளிடம்தானே கேட்க வேண்டும்? அம்மாவிடம் கேட்டேன். பச்சையை விடச் சொல்வார் என்றுதான் எதிர்பார்த்தேன்.

“அய்யே, அந்தப் பச்சை உங்கப்பாவுக்குப் புடிச்ச கலருடா. எனக்கு எப்பவுமே புடிக்காது. மஞ்சள் அடி.”

நான் பாதுகாக்க நினைத்த ‘அம்மாவின் நினைவு’, அம்மா முப்பது வருஷமாக அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டிருந்த ஒன்று. பழையதை அப்படியே வைத்திருப்பதும் சில சமயம், அட்ஜஸ்ட் பண்ணியவரை அந்த இடத்திலேயே நிறுத்தி வைப்பதுதான். மாற்றுவது துரோகமா, காப்பாற்றுவது விசுவாசமா என்பதைப் பொருளை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

பழைய சாயத்தைச் சுரண்டி எடுக்காமல், அடிப்பூச்சு ஒன்று கொடுத்து அதன்மேல் மஞ்சள் அடித்தேன். மூன்று நிறங்களும் கீழே அப்படியே இருக்கின்றன. வேண்டும் என்கிறவர்கள் நாளைக்குத் தேய்த்துப் பார்க்கலாம். கறுப்புக் குழாய்க்கும் மஞ்சள் சட்டத்துக்கும் சுத்தமாகப் பொருந்தவில்லை என்று அக்கா இன்னமும் சொல்கிறாள். அவள் சொல்வது சரிதான். பொருந்தாமல் இருப்பது ஒரு குறை என்பதைத்தான் இப்போதெல்லாம் நான் ஒத்துக்கொள்வதில்லை.