கப்பல் வராத கடல்

பென்னலூரில் நெடுஞ்சாலையை ஒட்டி வாடகைக்குக் குடியிருக்கும் அவருக்கு, இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு வேலை. வெர்னியர் பிடித்துப் பழகிய கை. வேலூர்ப் பக்கத்துச் சொந்த ஊரில், டிரங்குப் பெட்டியில் கிடந்த தாத்தாவின் மெடல் கைக்கு வந்ததும் அவர் முதலில் பார்த்தது அதன் விளிம்பைத்தான். அங்கே ஓர் எண், தாத்தாவின் பெயர், கடைசியில் ஆர்.ஐ.ஏ. என்று மூன்று ஆங்கில எழுத்துகள். ராயல் இந்தியன் ஆர்ட்டில்லரி. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குப் பெயர் பொறிக்காத மெடல்களே கிடைத்தன. இந்தியப் படையோ விளிம்பில் பெயரைப் பொறித்துக் கொடுத்தது. அந்தப் பழக்கத்துக்குப் பேரப்பிள்ளைகள் நன்றி சொல்ல வேண்டும்.

முகப்பில் ஆறாம் ஜார்ஜ், பின்பக்கம் இந்திய வரைபடம், அதன் கீழே 1939–45. இது 1946-இல் ஏற்படுத்தப்பட்ட இந்திய சேவைப் பதக்கம். போர்க்களத்துக்குப் போகாமல் இந்தியாவுக்குள்ளேயே மூன்றாண்டு பணி செய்தவர்களுக்கு உரியது. பர்மாவில் சண்டையிட்டவர்களுக்கு வேறு மெடல் உண்டு. அது பெட்டியில் இல்லை. தாத்தா பர்மாவில் ஜப்பான்காரனைச் சுட்டார் என்று ஊரில் வழங்கிய கதை அதோடு முடிந்தது.

அத்தை சொன்ன கதை வேறு. "கடலப் பாத்துக்கிட்டே பீரங்கிகிட்ட உட்காந்திருந்தாராம்டா. ஒரு கப்பலும் வரலையாம்." சிறுவயதில் இதைக் கேட்டபோது அவருக்குச் சப்பென்று இருந்தது. இப்போது அந்த ஒரு வரிதான் தேடலுக்குப் பிடி.

எந்தக் கடல்? 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியக் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்து, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளை எரியவிட்டுப் போனது. கரையிலிருந்து பதிலுக்குச் சுட்டது அதை ஒன்றும் செய்யவில்லை. அந்த அச்சம் கரையை விட்டு அகலவே இல்லை. 1942 ஏப்ரலில் ஜப்பானியக் கடற்படை இந்தியப் பெருங்கடலுக்குள் நுழைந்து கொழும்பையும் திரிகோணமலையையும் தாக்கியது. விசாகப்பட்டினத்திலும் குண்டு விழுந்தது. சென்னையில் அரசு அலுவலகங்களே ஊரைக் காலி செய்தன. ஊர் ஓடியபோது பீரங்கிக்காரன் ஓட முடியாது. அவன் கடலைப் பார்த்தபடி அங்கேயேதான் இருந்தாக வேண்டும்.

பீரங்கி நிலைக்கு ஆங்கிலத்தில் பேட்டரி என்று பெயர். ராயபுரம் பக்கம் இன்றும் கிளைவ் பேட்டரி என்று பஸ் நிறுத்தம் இருக்கிறது. விசாகப்பட்டினம் கடற்கரைச் சாலையில் கோஸ்டல் பேட்டரி என்றே ஓர் இடம். இரண்டுக்கும் அவர் போனார். கன்டெய்னர் லாரிகளுக்கும் ஐஸ்கிரீம் வண்டிகளுக்கும் நடுவே நின்று கடலைப் பார்த்தார். தாத்தா நின்றது இதில் எது என்று கடல் சொல்லாது.

சத்தம் போட்ட பீரங்கிகளுக்குச் சரித்திரத்தில் இடம் கிடைத்துவிடுகிறது. பென்னலூரிலிருந்து காஞ்சிபுரம் போனால், அதற்கு அருகே 1780 செப்டம்பர் 10-இல் பொள்ளிலூர்ச் சண்டை நடந்த இடம். வெடிமருந்து வண்டிகள் வெடித்து ஆங்கிலேயப் படை நிலைகுலைந்த காட்சி ஸ்ரீரங்கப்பட்டணத்துத் திப்புவின் அரண்மனைச் சுவரில் ஓவியமாகவே இருக்கிறது. குற்றம் செய்தவர்களுக்கும் ஏடு உண்டு. 1942 மே 8 இரவு கொகோஸ் தீவுகளின் கரையோரப் பீரங்கி நிலையில் இலங்கைப் பீரங்கிப் படையினர் சிலர் கலகம் செய்தார்கள். கிரேஷன் பெர்னாண்டோ உள்ளிட்ட மூவரை ஆகஸ்டில் கொழும்பில் தூக்கிலிட்டார்கள். அவர்கள் எந்த நாள், எந்த இடத்தில் இருந்தார்கள் என்பதெல்லாம் பதிவாகியிருக்கிறது. ஒழுங்காக முறைவைத்துக் காவல் நின்று, துப்பாக்கித் துரு துடைத்து, விடிந்ததும் கஞ்சி குடித்துப் படுத்தவனைப் பற்றி எழுத யாருக்கும் எதுவும் இல்லை. கரைக் காவல் சரியாக நடந்தது என்பதற்கு அடையாளமே ஒன்றும் நடக்காததுதான்.

இது அவருக்கு விளங்காத விஷயமல்ல. ராத்திரி ஷிப்டில் ஆயிரக்கணக்கான உதிரிபாகங்களைப் பார்த்து அனுப்புகிறார். ஒரு வண்டியின் பிரேக்கும் பழுதாகாமல் ஓடினால் அவர் பெயர் எங்கும் வராது. சாதனை தேடிப் புறப்பட்டவர் இப்போது தாத்தா நின்ற இடத்தை மட்டும்தான் தேடுகிறார். அது சின்னத் தேடல் என்று இதை எழுதுபவருக்குத் தோன்றவில்லை. ஒரு மனிதனின் இளமை மூன்று வருஷத்துக்கு மேல் ஓரிடத்தில் கழிந்திருக்கிறது. அந்த இடத்துக்கு ஒரு பெயர் இருக்கும்.

பீரங்கிப் படையின் ஆவணங்கள் நாசிக் ரோடு முகாமில் இருக்கின்றன. பென்ஷன் வாங்காதவர்களின் தாள்கள் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் அழிக்கப்படுவது வழக்கம். தாத்தா வாங்கவில்லை. ஆனாலும் மெடலின் விளிம்பு எண்ணைக் குறித்து மனு எழுதி, முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அனுப்பியிருக்கிறார்.

மனுவில் விட்டுப்போனது ஏதாவது உண்டா என்று அத்தையிடம் வாசித்துக் காட்டினார். கேட்டு முடித்த அத்தை, "அவரு எங்க நின்னாருன்னு தேடுற, சரி. அத்தனை வருஷமும் உங்க ஆயா எங்க நின்னான்னு கேட்டியா?" என்றார். பிறகு அவரே சொல்லத் தொடங்கினார்: மாமியார், இரண்டு குழந்தைகள், கவலை ஏற்றம் இறைத்த கிணறு, தபால்காரர் கொண்டுவரும் மணியார்டருக்கு வைத்த கைநாட்டு, விற்காமல் காப்பாற்றிய அரைக் காணி. அவர் மனுவை மடித்து வைத்துவிட்டு நோட்டில் புதுப் பக்கம் திருப்பினார். கிணறு எந்த சர்வே நம்பரில் இருந்தது என்று கேட்டார்.