மாறிய மரமும் மாறாத கப்பலும்: மீட்டமைப்பின் அறம்

முன்னுரை

பழைய பாய்மரக் கப்பலொன்றைச் செப்பனிடுங்கால் மட்கிய பலகைகள் நீக்கப்பெற்றுப் புதியன பொருத்தப்பெறுகின்றன. எல்லாப் பலகைகளும் மாறியபின் அது பழைய கப்பல்தானா என்னும் வினாவைத் தீசியசின் கப்பலை முன்வைத்துப் புளூட்டார்க் பதிவுசெய்துள்ளார். மெய்ப்பொருளியல் சார்ந்ததாகக் கருதப்படும் இவ்வினாவுள் அறவினா ஒன்றும் அடங்கியுள்ளது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

பெயரும் பொருளும்

பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கு மரத்தால் கட்டி 1817இல் நீரில் இறக்கிய போர்க்கப்பல், ஈழத்துத் திருகோணமலையின் பெயரைத் ‘திரிங்கோமலி’ என ஆங்கில ஒலிப்பில் தாங்கியது. 1897இல் உடைப்பதற்கென விற்கப்பட்ட அது காக்கப்பெற்று, வேறு பெயருடன் 1986 வரை பயிற்சிக் கப்பலாக விளங்கிற்று. 1987இல் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலுக்குக் கொணரப்பட்டு, 1992இல் பழைய பெயரை மீளப்பெற்றது. 2001இல் செப்பனிடும் பணி நிறைவுற்றது. பெயர் மாறியமையால் கப்பல் வேறாகிவிடவில்லை. பெங்களூரின் பிரேசர் டவுன் புலிகேசி நகர் ஆனபின்னும் ஊர் அதுவே அன்றோ? ஆகவே ஒருமை பெயரில் இல்லை. மரத்தில் மட்டும் உள்ளது எனவும் கூறவியலாது. கடலோடிய காலத்திலேயே கப்பல்கள் பலகை மாற்றப்பெற்றன. அவற்றை எவரும் வேறு கப்பல் என்றிலர்.

அஜந்தா ஓவியமொன்றை முன்மாதிரியாகக் கொண்டு, பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டப்பெற்ற கௌண்டின்யா 2025இல் கார்வாரில் இந்தியக் கடற்படையில் சேர்க்கப்பட்டது. அதன் மரம் முழுதும் புதியது. ஆயினும் அது தன்னைப் பழையதெனச் சொல்லவில்லை. அதனால் அங்குப் பொய்க்கு இடமில்லை. எனவே அறவினா மரத்தின் வயதைப் பற்றியதன்று. காண்போர்க்கு நாம் உரைக்கும் மெய்யைப் பற்றியதாகும்.

பதிப்புநெறி தரும் விளக்கம்

புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைத்தில. 1894இல் அந்நூலைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் அவ்விடத்தைத் தாமே பாடி நிரப்பவில்லை. ஆயின் நூல் இடைவெளியோடு நிலைக்கும். கப்பல் இடைவெளியோடு மிதவாது. ஓடாவி நிரப்பியே ஆகவேண்டும். நிரப்புதல் குற்றமன்று, நிரப்பியதை மறைத்தலே குற்றமாம்.

புதுப்பலகையில் அடையாளமிடுவது அழகைக் குலைக்கும் என்பர் சிலர். உட்புறத்தில் சிறு குறியும் பணிப்பதிவேட்டில் ஒரு வரியும் போதும். அழகும் கெடாது, மெய்யும் கெடாது. இதனினும் பெரிய கடமை மற்றொன்றுண்டு. வலுவுள்ள பழம்பலகையை வேலையெளிமை கருதி நீக்குதல், பொருள் விளங்கும் பாடத்தை ஓசைநயம் கருதித் திருத்துவதை ஒக்கும். தலைமைத் தச்சரின் பெயரை வரலாறு காத்தது. உடனுழைத்தோர்க்கு அவர்தம் உளிபட்ட பலகையே சான்று. அதனைக் களைவது அவர்தம் இறுதிச் சொல்லை அழிப்பதாகும்.

முடிவுரை

கப்பலின் ஒருமை, பழையதும் புதியதும் இடையறாது தொடரும் தொடர்ச்சியில் உள்ளது. அத்தொடர்ச்சி மெய்யாவது, எது எஞ்சியது, எது சேர்ந்தது எனப் பின்வருவோர் பிரித்தறியும்போதே எனலாம்.