சூரிய மின்தகடும் இல்லறத்தார் அறமும்

வீட்டுக் கூரையில் சூரிய மின்தகடு பொருத்துவது பற்றி நம் குடும்பங்களில் இப்போது பரவலாகப் பேசப்படுகிறது. 2024 இல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில் 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது இதற்கு ஒரு காரணம். புகையில்லை, ஓசையில்லை, ஆகவே இம்சையும் இல்லை என்பர் சிலர். தகட்டைச் செய்யச் செலவாகும் ஆற்றலை அது திருப்பித் தருமா என்று ஐயுறுவர் வேறு சிலர்.

பின்னவர் ஐயத்துக்கு விடை எளிது. குவார்ட்ஸ் கல்லைக் கரியோடு சேர்த்து மின்னுலையில் ஏறக்குறைய 2,000 பாகை வெப்பத்தில் உருக்கியே சிலிக்கன் எடுக்கப்படுகிறது. உலகத் தகடுகளில் பெரும்பாலானவை சீனத்தில், பெரிதும் நிலக்கரி மின்சாரத்தால் உருவாகின்றன. ஆயினும் நம் நாட்டு வெயிலில் அந்த ஆற்றல் ஓரிரு ஆண்டுகளுக்குள் மீண்டுவிடுகிறது. தகடோ 25 ஆண்டுகள் உழைக்கிறது. ஐ.நா. காலநிலைக் குழுவின் 2014 ஆம் ஆண்டுக் கணக்குப்படி, நிலக்கரியால் ஒரு யூனிட் மின்சாரம் பெற ஏறத்தாழ 820 கிராம் கரியமிலவாயு வெளியாகிறது. கூரைத் தகட்டுக்கு, செய்முறைச் செலவையும் சேர்த்து, 41 கிராம்.

முன்னவர் கூற்றே கடினமானது. மண்ணை அகழ்ந்து தீயில் உருக்குவது, மண்ணையும் தீயையும் உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்களுக்கு ஊறு என்பது நாம் அறிந்ததே. கருதிச் செய்யும் சங்கற்ப இம்சையை முற்றிலும் விலக்கச் சொல்லும் அணுவிரதம், இல்லறப் பணிகளில் தவிர்க்கவியலாத ஆரம்ப இம்சையை விழிப்போடு இயன்றவரை குறைக்கச் சொல்கிறது. அந்த விழிப்பு, ஊறு யார் தலையில் இறங்குகிறது என்று பார்ப்பதையும் உள்ளடக்கியதன்றோ?

இதை மாதனூரில் இருப்பவர்க்கு விளக்க வேண்டியதில்லை. ஊரருகே பாலாறு, இருபுறமும் ஆம்பூர், வேலூர்ப் பகுதித் தோல் பதனிடும் தொழிற்சாலைகள். நம் மரபுக்கு ஏலாத தொழிலாயினும், அதை நம்பி வாழும் ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கே நான் எழுத்தறிவித்தேன். அவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. ஆவாரம் பட்டையில் வாரக்கணக்கில் ஊறிய தோலை, குரோமிய உப்பு ஓரிரு நாளில் பதனிட்டது. ஆதாயம் உடனே கைக்கு வந்தது. உப்பும் குரோமியமும் ஆற்றிலும் கிணற்றிலும் தங்கின. 1996 ஆகஸ்டு 28 அன்று, மாசுபடுத்தியவரே இழப்பீடு தரவேண்டும் என்ற நெறி நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என உச்ச நீதிமன்றம் இவ்வழக்கில்தான் தீர்ப்பளித்தது. 2025 சனவரி 30 அன்று அதே நீதிமன்றம் இப்பகுதி உழவர்க்கான இழப்பீடு பற்றி மீண்டும் ஆணையிட நேர்ந்தது. இடையே ஒரு தலைமுறை கழிந்துவிட்டது.

சூரியத் தகட்டிலும் இத்தகைய எச்சம் உண்டு. பற்றவைப்பில் ஈயம், சில வகைகளில் காட்மியம். முழுமையாக இருக்கும்வரை தீங்கில்லை. உடைத்துக் குப்பைமேட்டில் எறிந்தால் மழைநீரில் கசியக்கூடும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகள் தகடுகளையும் உட்படுத்தி, உற்பத்தியாளர் மீது பொறுப்பைச் சுமத்துகின்றன. ஆனால் இன்று ஏற்றும் தகடு இறங்குவது 2050 ஐ ஒட்டி. அன்று பழைய இரும்புக் கடைக்காரர் அலுமினியச் சட்டத்தைக் கழற்றிக்கொண்டு மீதியை ஏரிக்கரையில் கொட்டினால், பாலாற்றின் கதையே திரும்பும். ஆகவே விலை பேசும்போதே, பழையதைத் திரும்ப எடுப்பவர் யார் என்று கேட்டு எழுத்தில் பெறுவது நம் கடமை. விற்பவர் வியப்பார், வியக்கட்டும்!

இன்னொன்று, அளவு. மின்சாரம் இலவசம் என்ற எண்ணத்தில் இரண்டாவது குளிர்சாதனம் வாங்கும் வீட்டில் பரிக்கிரக பரிமாணம் எங்கே நிற்கிறது? அளவறிந்த வீட்டுக்கு 3 கிலோவாட் தாராளம். நல்ல வெயில் நாளில் ஏறத்தாழ 12 யூனிட் கிடைக்கும். பகலில் சமைத்து, அந்திக்கு முன் உண்டு முடிக்கும் நம் இல்லங்களில் அதில் ஒரு பங்கு வெயில் நேரத்திலேயே பயன்பட்டுவிடும். எஞ்சியதை மின்வாரியக் கம்பியில் விடலாம். மின்கலம் வாங்கி இன்னொரு கழிவைச் சேர்க்க வேண்டியதில்லை.