விலையும் பெறுமதியும்

ஒரு பொருளின் விலையைக் கேட்டறிதல் எளிது. அதன் பெறுமதியை அறிதல் அத்துணை எளிதன்று. வாங்கியவன் மனநிறைவு அடைந்தால் கொடுத்த விலை நியாயமானதே, அதற்குமேல் விவாதத்திற்கு இடமில்லை என்பது சந்தைப் பொருளியலாரின் வாதம். இவ்வாதம் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதை உல்லாசப் பூங்கா விடுதிகளை உரைகல்லாகக் கொண்டு ஆராய்வோம்.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், ஓர்லாண்டோ நகருக்கு அண்மையில், 1971 ஆம் ஆண்டு ஒக்டோபர் 1 ஆம் திகதி வால்ட் டிஸ்னி வேர்ல்ட் திறக்கப்பட்டது. கன்டெம்பரரி, பொலினேசியன் என்னும் விடுதிகளும் அவ்வாண்டிலேயே எழுந்தன. ஒற்றைத் தண்டவாள ரயில் கன்டெம்பரரியின் கட்டடத்தை ஊடறுத்தே செல்கிறது. 1988 இல் கிராண்ட் புளோரிடியன் சேர்ந்தது. இத்தகைய விடுதிகளில் ஓர் இரவுக்குப் பல நூறு டொலர் வாடகை. சில மைல்களுக்கு அப்பால் கட்டிலும் குளியலறையும் குளிரூட்டியும் கொண்ட அறையொன்றை அதன் சிறு பங்குக்கே பெறலாம். அவ்வாறெனின், மிகுதிப் பணம் எதற்கு?

மென்மையான மெத்தைக்கும் அழகிய காட்சிக்கும் என்றால் நாம் குறைகூற வேண்டியதில்லை. ஒருவர் நல்ல மெத்தையில் உறங்குவதால் மற்றொருவரின் உறக்கம் கெடுவதில்லை. ஆனால் அங்கு விற்கப்படுவது மெத்தை மாத்திரமன்று. 2021 முதல், நிறுவனத்தின் விடுதிகளில் தங்குவோர் ஏனையோருக்கு முப்பது நிமிடம் முன்னதாகவே பூங்காவினுள் நுழையலாம். உயர்விலை விடுதிகளில் தங்குவோருக்கோ, சில இரவுகளில் மற்றவர் வெளியேறிய பின்னரும் பூங்கா திறந்திருக்கும். 1999 இல் அறிமுகமான விரைவு அனுமதி முறை, நுழைவுச்சீட்டு வைத்திருந்த எவருக்கும் இலவசமாகவே கிடைத்தது. 2021 இல் அது ஒழிக்கப்பட்டு, ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 15 டொலர் கட்டணத்துடன் வேறு முறை புகுத்தப்பட்டது.

ஒரு சவாரியில் ஒரு மணித்தியாலத்தில் ஏறக்கூடியோரின் தொகை வரையறுக்கப்பட்டது. காசு கொடுத்தவர் முன்னே சென்றால், கொடுக்க இயலாதவர் அத்தனை நிமிடம் பின்னே தள்ளப்படுகிறார். ஆகவே நிறுவனம் விற்பது தன் சொந்தப் பொருளை அன்று. வெயிலில் பிள்ளையைத் தோளில் சுமந்து நிற்கும் மற்றொருவரின் நேரத்தை விற்கிறது. அவரிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை. வாங்கியவரின் மனநிறைவை மட்டும் அளவுகோலாகக் கொள்வோர் இந்த மூன்றாம் மனிதரை மறந்துவிடுகின்றனர்.

நான்காம் மனிதர் ஒருவரும் உளர். அவ்வறைகளைத் துடைத்துச் செப்பனிடும் தொழிலாளி. 2018 இல் தொழிற்சங்கங்கள் போராடிப் பெற்ற ஒப்பந்தத்தின் பயனாக, மணிக்கு 10 டொலராக இருந்த ஆரம்பக் கூலி 2021 இல் 15 டொலராயிற்று. அப்போது நாற்பது மணி நேரம் உழைத்தால் 600 டொலர் கிடைத்தது. கிராண்ட் புளோரிடியனின் ஓர் இரவு வாடகை பெரும்பாலும் அதனினும் மிகுதி.

ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுகச் சேமித்து, தம் பிள்ளை ஒருநாளேனும் மகிழவேண்டும் என்று அங்கே செல்லும் பெற்றோரும் பலர். அவர்களைப் பரிகசிப்பது முற்போக்காகாது. அவர்களது அன்பு மெய்யானது. அப்பிள்ளையின் சிரிப்பும் மெய்யானதே. அந்த அன்பு எவ்வளவு கொடுக்கும் என்பதைக் கணக்கிட்டே விலை குறிக்கப்படுகிறது. அன்றியும், வரிசையின் துன்பத்திலிருந்து விடுதலையை விற்பவர், அவ்வரிசையைக் குறைப்பதில் அக்கறை கொள்ள வேண்டிய காரணம் இல்லை. வரிசை நீள நீளச் சலுகையின் விலையும் ஏறும்.

எனவே, விடுதி கொடுத்த விலைக்குத் தகுமா என்ற வினாவுக்கு ஒரு குடும்பம் தன்னளவில் 'ஆம்' என விடை கூறலாம். அது அவர்கள் உரிமை. ஆனால் பிறருடைய முறையை விலைக்கு விற்கும் உரிமை எவருக்கேனும் உண்டா என்பது வேறு வினா. அதற்கு விடை கூறவேண்டியது சமுதாயம். வரிசையில் நிற்கும் குழந்தைகளை அவர்களது பெற்றோரின் பணப்பையைக் கொண்டு தரம்பிரிக்கும் ஏற்பாட்டை, எத்தனை பேர் மனமுவந்து பணம் கொடுத்தாலும், நியாயம் என நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை.