மணமின்றி இணைந்தோரின் மனையுரிமை: ஓர் அறவியல் நோக்கு

ஒரு மனைக்கு உரியவர் யார் எனும் வினாவுக்குச் சட்டம் முதலில் தரும் விடை எளிதானது: உறுதியில் எவர் பெயர் உளதோ அவரே உரியவர். அறமோ அவ்வளவில் அமைவதில்லை. அம்மனையைத் தேடவும் பேணவும் உழைத்தவர் யாவர் என அது மேலும் வினவுகின்றது. கணவன் மனைவியரிடையே இவ்விரு விடைகளும் முரணுமிடத்து மணவுரிமைச் சட்டங்கள் இடைநின்று தீர்க்கின்றன. மணவாழ்வின்போது ஈட்டிய பொருளில் இருவர்க்கும் பங்குண்டு என்னும் அடிப்படையில் எழுந்த, யாழ்ப்பாணத்துத் தேசவழமையின் ‘தேடிய தேட்டம்’ இதற்குத் தக்க சான்றாகும். ஆயின், மணஞ்செய்யாது கூடிவாழ்ந்தோர் பிரியுமிடத்து, அவர்கள் வாழ்ந்த மனையின்மீது நீதி யாது கூறும்?

இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்து, 1984ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் இடம்பெற்ற பேர்ன்ஸ் வழக்கு இவ்வினாவைக் கூர்மையாக எழுப்பியது. ஒரு பெண் ஏறத்தாழ 19 ஆண்டுகள் ஒருவரோடு வாழ்ந்து, இரு பிள்ளைகளை வளர்த்து, இல்லம் பேணினார். பின்னாளில் தாமும் ஊதியம் ஈட்டி வீட்டுச் செலவுகளில் பங்கேற்றார். வீடோ 1963இல் ஆணின் பெயரில் மட்டும் வாங்கப்பட்டது. அதன் விலைக்கோ ஈட்டுக்கடனுக்கோ அவர் பணம் உதவியதாகக் கொள்ள இடமில்லாமையால், அவருக்குப் பங்கில்லை எனத் தீர்ப்பாயிற்று. இது நியாயமன்றெனின் திருத்த வேண்டியது பாராளுமன்றமே என்பது நீதிமன்றத்தின் நிலைப்பாடு.

இதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1980இல், கனடாவின் உயர்நீதிமன்றம் பெற்கஸ் எதிர் பெக்கர் வழக்கில் வேறொரு வழியைக் கண்டது. அங்கும் இருவர் ஏறத்தாழ 19 ஆண்டுகள் கூடி வாழ்ந்தனர். பெண்ணின் ஊதியம் குடும்பச் செலவைத் தாங்க, ஆணின் வருவாய் சேமிப்பாயிற்று. அச்சேமிப்பினால் நிலம் அவர் பெயரில் வாங்கப்பட்டது. தேனீ வளர்ப்புத் தொழிலோ இருவர் உழைப்பாலும் வளர்ந்தது. ஒருவரது இழப்பினால் மற்றொருவர் நியாயமான காரணமின்றிச் செல்வமடைதல் தகாது எனக் கூறிய நீதிமன்றம் பெண்ணுக்குப் பாதிப் பங்கை வழங்கிற்று. எனினும் தாம் வென்ற பங்கின் பெரும்பகுதியைத் துய்க்காமலே அவர் 1986இல் இறந்தார்.

இவ்விரு தீர்ப்புகளும் வேறுபடும் இடம் யாது? பணத்துக்குப் பற்றுச்சீட்டு உண்டு. அடுப்படியிலும் தொட்டிலருகிலும் கழிந்த நாட்களுக்கு அஃதில்லை. ஒருவர் உணவுச் செலவை ஏற்பதனாலேயே மற்றவர் கடனை அடைக்க இயலுகின்றது. ஆகவே கடனடைத்த பணத்தை மட்டும் கணக்கிற் கொள்வது அறப்பிழை மட்டுமன்று, கணக்குப் பிழையுமாகும்.

மணத்தை விலக்கியோர் அதன் கடப்பாடுகளையும் விலக்கியோரே; அவற்றை அவர்மேற் சுமத்துதல் சுதந்திரத்துக்கு இழுக்கு என்பர் சிலர். இத்தடை எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயினும் ஒருவர் மணத்தை விரும்ப மற்றவர் மறுத்த உறவில் இருவரும் ஒருங்கே தெரிவுசெய்தனர் எனல் பொருந்தாது. மேலும், ஈண்டுப் பேசப்படும் கடப்பாடு மணத்தினின்று பிறப்பதன்று. பிறர் உழைப்பை அறிந்தே ஏற்றுப் பயன்கொண்டமையினின்று பிறப்பது. அது செய்ந்நன்றி போன்று உள்ளத்தளவில் நிற்பதுமன்று. திருப்பிச் செலுத்தவேண்டிய கடனாகும். பராமரிப்பும் மரபுரிமையும் உள்ளிட்ட மணவுரிமைகள் யாவற்றையும் வழங்காமலே இக்கடனைச் சட்டம் ஏற்கவியலும்.

இங்கிலாந்தின் நோக்கும் பின்னர் ஓரளவு விரிந்தது. இருவர் பெயரிலும் வாங்கிய மனைகள் குறித்த வழக்குகளில், 2007இல் 65க்கு 35 எனவும், 2011இல் 90க்கு 10 எனவும் பங்குகள் தீர்க்கப்பட்டன. பணத்தை மட்டுமன்றி உறவின் முழு நடத்தையையும் நோக்குதல் வேண்டும் என்பதே அவற்றின் நெறி. ஸ்கொற்லாந்து 2006ஆம் ஆண்டின் சட்டத்தால், கூடி வாழ்ந்தோர் பிரியுமிடத்து நிதிக் கோரிக்கை செய்ய வழி வகுத்தது.

ஆயினும் பேசாதிருந்த இருவரின் கருத்தைப் பல்லாண்டுகளின் பின் நீதிபதி ஊகித்தல் அரிது. எனவே மனை வாங்கும் வேளையிலேயே இருவர் பெயரையும் உறுதியிற் பொறித்தலும், பங்குகளை எழுத்தில் வரைதலும் அன்பின்மீது கொண்ட ஐயமாகா. நலிந்தவரின் உழைப்பை வலியவரின் நல்லெண்ணத்துக்கு மட்டும் விட்டுவிடாமையே அவற்றின் பயன். அவ்வெழுத்து இல்லாதவிடத்தும் உழைத்தவரை வெறுங்கையராக அனுப்பாதிருத்தல் சட்டத்தின் பொறுப்பாகும்.