குளம் நிறைந்தது... குழந்தை வந்தது!

அவினாசித் திருத்தலத்தின் அந்தப் பழைய கதையைப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். புக்கொளியூர் என்பது அதன் பழம்பெயர். சுந்தரமூர்த்தி நாயனார் அந்த ஊர் வீதியில் வருகிறார். ஒரு வீட்டில் மங்கல வாத்தியம், எதிர்வீட்டில் அழுகுரல். என்னவென்று விசாரிக்கிறார். இரு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வயது. ஐந்து வயதில் சேர்ந்து குளிக்கப் போனார்கள். ஒருவனை முதலை விழுங்கிவிட்டது. பிழைத்தவனுக்கு இன்று பூணூல் கல்யாணம். 'நம் பிள்ளை இருந்திருந்தால்...' என்று எதிர்வீட்டுத் தாய் தேம்புகிறாள்.

அத்தனை துக்கத்திலும், வந்திருப்பவர் சுந்தரர் என்று தெரிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து வணங்கினார்கள் அந்தப் பெற்றோர். நாயனார் உருகிப்போனார். குளக்கரைக்குச் சென்று பதிகம் பாடினார். முதலை பிள்ளையைக் கரையில் கொண்டுவந்து விட்டது. அதுவும் எப்படி? கழிந்துபோன ஆண்டுகளுக்குரிய வளர்ச்சியோடு!

சகோதரிகளே, இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. சுந்தரர் போனபோது அந்தக் குளத்தில் தண்ணீரே இல்லை என்பார்கள், தலவரலாறு சொல்பவர்கள். இறைவன் முதலில் குளத்தை நிரப்பினார். பிறகுதான் முதலை வந்தது, பிள்ளை வந்தான். சர்வ வல்லமை படைத்தவருக்கு நேராகவே பிள்ளையைத் தரத் தெரியாதா? இருந்தும் நீரை முன்னே விட்டு, உயிரைப் பின்னே தந்தார்.

திருப்பூர்க்காரர்களுக்கு இந்தக் கதை இன்று வேறு மாதிரி கேட்கிறது. சித்திரை, வைகாசியில் பனியன் கம்பெனிக்குப் போய்வரும் பெண்களைக் கேளுங்கள். தகரக் கூரையின் கீழே தையல், செக்கிங், பக்கத்திலேயே அயர்னிங் ஆவி. வீடு திரும்பினால் பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட், இரவு முழுக்க அதைக் கக்குகிறது. சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தார் தமிழகத்தில் 800 கர்ப்பிணிகளைக் கவனித்து 2024-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கடும் வெப்பத்தில் வேலை செய்யும் பெண்களுக்குக் கரு கலைவதும், குழந்தை இறந்தே பிறப்பதும் ஏறக்குறைய இரு மடங்கு என்கிறது அது. அவினாசித் தாயின் அழுகுரல் காதில் விழவில்லையா?

நம் முன்னோர் கோயிலுக்கு மூன்று அங்கம் வைத்தார்கள்: மூர்த்தி, தலம், தீர்த்தம். கூடவே தலவிருட்சம். அவினாசியில் அது பாதிரி மரம். குளத்து நீர் ஆவியாகும்போது சுற்றுப்புறத்துச் சூட்டையும் வாங்கிக்கொண்டு போகிறது. மரமோ நிழல் தருவதோடு, இலை வழியே நீரை வெளிவிட்டுக் காற்றைக் குளிர்விக்கிறது. மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பதும் இதே கணக்குத்தான். அபிஷேகப் பிரியரின் பக்கத்தில் குளம் வெட்டியவர்களுக்கு இதெல்லாம் தெரியாமலா இருந்திருக்கும்?

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் கலக்கும் நொய்யலுக்குக் காஞ்சிமாநதி என்று திருப்பெயர். அந்தப் புண்ணிய நதியைச் சாயநீர் ஓடும் கால்வாயாக்கினோம். 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. முதலை ஒரு பிள்ளையைத்தான் விழுங்கியது. நாம் ஆற்றையே விழுங்கினோம். பட்டறைக்காரர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. கிழிந்த சாமி படம், காய்ந்த மாலை, பிரசாதம் வாங்கிய பிளாஸ்டிக் பை... இவற்றைக் குளத்தில் போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வது யார்?

நம்பிக்கை தரும் சேதியும் உண்டு. திருப்பூரிலிருந்து ஊத்துக்குளி போகும் வழியில், சர்க்கார் பெரியபாளையத்தில் சுக்ரீஸ்வரர் கோயில். சுக்ரீவன் பூஜித்த ஈசன். இங்கே இரண்டு நந்திகள். பயிரை மேய்ந்த நந்தியின் காதை ஒரு விவசாயி அறுத்துவிட்டான் என்று ஊரார் கதை சொல்வார்கள். நந்தியே ஆசைப்படும் அளவுக்குப் பச்சை விளைந்த பூமி!

கோயிலுக்கு அருகிலேயே நஞ்சராயன் குளம். பல நூறு ஆண்டுகளுக்கு முன் அதைச் சீரமைத்த நஞ்சராயன் பெயரைத் தாங்கி நிற்கிறது. பரப்பு சுமார் 125 ஹெக்டேர். நல்லாற்றின் மழைவெள்ளம்தான் இதற்கு உணவு. 2022-ல் தமிழகத்தின் 17-வது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலிலும் இடம்பிடித்தது. சுமார் 190 வகைப் பறவைகளைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். இதே ஊரில் 2015 முதல் 'வனத்துக்குள் திருப்பூர்' என்று லட்சக்கணக்கில் மரம் நட்டுவருகிறார்கள். கோயிலுக்கு ஒரு விளக்கு ஏற்றுவதற்குச் சற்றும் குறையாத கைங்கரியம் இது என்பேன்.

பிள்ளையின் பிறந்தநாளுக்கு அர்ச்சனைச் சீட்டு வாங்கும்போதே ஒரு வேம்போ புங்கனோ நட இடம் கேளுங்கள். தினமும் ஒரு குடம் நீர் ஊற்றும் பொறுப்பைப் பிள்ளையிடமே விடுங்கள். விநாயகர் சதுர்த்திக்குச் சாயம் பூசாத களிமண் பிள்ளையாரை வாங்கி, வீட்டு வாளியிலேயே கரைத்துச் செடிக்கு ஊற்றுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மார்கழி, தை மாதங்களில் குழந்தைகளோடு சுக்ரீஸ்வரரைத் தரிசித்துவிட்டு அப்படியே குளக்கரைக்கும் போய் வாருங்கள். இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகள் தலையில் கறுப்புப் பட்டைகளோடு மிதந்துகொண்டிருக்கும். காலையில் சீக்கிரமே போய்விடுங்கள். வெயில் ஏறும் முன் பறவைகளை நன்றாகப் பார்க்கலாம்.