யோபுவுக்குச் சொல்லப்படாதது

யோபு புத்தகத்தின் முதல் இரண்டு அதிகாரங்களை வாசிக்கும் நமக்குப் பரலோகத்தில் நடந்த பேச்சு தெரியும். யோபுவுக்குத் தெரியாது. கடைசி அதிகாரத்தில் ஆடுமாடும் ஒட்டகமும் இரண்டத்தனையாய்த் திரும்பி வந்த பிறகும் யாரும் அவரிடம் அதைச் சொல்லவில்லை. பத்துப் பிள்ளைகளையும் ஏன் பறிகொடுத்தோம் என்று அறியாமலேயே வயது சென்று மரித்தார். இதை நினைத்தால் மனம் கனக்கிறது. கூடவே ஆறுதலும் வருகிறது. காரணம் தெரியாத அந்த மனிதரைத்தான் கர்த்தர் கடைசிவரை ‘என் தாசன்’ என்றார்.

*

துக்க வீட்டில் “எல்லாம் தேவ சித்தம்” என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். அது பொய்யல்ல. ஆனால் பெட்டி இன்னும் கூடத்தில் இருக்கும்போது, பெற்றவளின் முகத்தைப் பார்த்து அடுத்தவர் சொல்லக்கூடியதும் அல்ல. அவளே ஒருநாள் சொல்லலாம். சொல்லாமலும் போகலாம். யோபுவின் சிநேகிதர் மூவரும் ஏழு நாள் இரவும் பகலும் வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததில் உருப்படியானது அதுதான். விளக்கம் சொல்லத் தொடங்கியதும் எல்லாம் கெட்டது. கர்த்தருடைய கோபம் மூண்டது அவருக்காக வக்காலத்து வாங்கிய அந்தச் சிநேகிதர்மேல். அவரையே கேள்வி கேட்ட யோபுமேல் அல்ல.

*

கோவிலுக்கு ஒப்புக்கொடுக்கப்பட இருந்த பெண்குழந்தைகளை 1901 முதல் சேர்த்து வளர்த்தவர் டோனாவூரின் ஏமி கார்மைக்கேல். அந்தக் கதை திருநெல்வேலிச் சபைகளில் தெரிந்ததுதான். என் மனம் திரும்பத் திரும்பப் போவது அவருடைய கடைசி இருபது ஆண்டுகளுக்கு.

1931 அக்டோபர் 24. ஊழியத்துக்காக எடுத்திருந்த ஒரு வீட்டைப் பார்க்கக் களக்காட்டுக்குப் போனார். பொழுது சாய்ந்துவிட்டது. தோண்டக் கூடாத இடத்தில் ஒரு குழி தோண்டியிருந்தார்கள். இருட்டில் அதில் விழுந்தார். கால் முறிந்தது, கணுக்கால் பிசகியது. அப்போது வயது 63. அதன்பிறகு 1951 ஜனவரி 18-இல் மரிக்கும்வரை பெரும்பாலும் ஓர் அறையும் ஒரு கட்டிலும்தான்.

அன்று காலையில்தான், உமக்கு ஊழியம் செய்ய என்னைத் தகுதிப்படுத்த என்ன வேண்டுமானாலும் செய்யும் என்ற கருத்தில் ஜெபித்திருந்தார் என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். ஜெபம் கேட்கப்பட்டது, ஆகவே குழி என்று இதைப் பிரசங்கத்தில் கணக்குப் போல முடித்துவிடலாம். எனக்கு மனம் ஒப்பவில்லை. குழியை வெட்டியது மண்வெட்டி பிடித்த ஒரு மனிதர், இடம் தவறி. அந்தக் குழியின்மேலும் ஆண்டவருக்கு ஆளுகை இருந்தது என்று முழு மனதோடு விசுவாசிக்கிறேன். எப்படி என்று வரைந்து காட்ட என்னால் ஆகாது.

படுக்கையிலிருந்தபடியே எழுதிக்கொண்டிருந்தார். ‘ரோஸ் ஃப்ரம் பிரையர்’ என்ற புத்தகம், வியாதியாய்க் கிடந்த உடன் ஊழியருக்கு அவர் அனுப்பிய கடிதங்களிலிருந்து உருவானது. நோயாளிகளுக்கென்று வரும் ஆறுதல் எழுத்துகள் சுகமாயிருப்பவர்கள் எழுதியவை என்ற குறை அவருக்கு இருந்தது. படுத்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ராத்திரி இரண்டு மணிக்குத் தலையணையைப் புரட்டிப் போட்டும் தூக்கம் வராதவருக்கு, நன்றாகத் தூங்கி எழுந்தவரின் நான்கு குறிப்புகள் உதவாது.

*

88-ஆம் சங்கீதம். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பலவற்றில் எங்காவது ஒரு திருப்பம் வரும், துதி எழும்பும். எஸ்ராகியனாகிய ஏமானின் பெயரிலுள்ள இதில் அப்படி எதுவும் இல்லை. இருட்டிலேயே நின்றுவிடுகிறது. இதைத் திருத்தாமல், கடைசியில் ஒரு அல்லேலூயா ஒட்டாமல் நம் கைக்குக் கொடுத்தவர்களை நன்றியோடு நினைக்கிறேன்.

ஆனாலும் முதல் வசனத்தில் அவர் கூப்பிடுவது தம் இரட்சிப்பின் தேவனை. ஏன் முகத்தை மறைக்கிறீர் என்று பிறகு முறையிடுவதும் அந்த தேவனிடமே. கோபத்தை எடுத்துக்கொண்டு வேறு வாசலுக்குப் போகவில்லை. ஆண்டவருடைய ஆளுகையை நம்புவது என்றால் எனக்கு இதுதான். எல்லாம் அவர் கையில் இருப்பதால்தான் வழக்கையும் அவரிடமே கொண்டுபோக முடிகிறது.

*

நாளை மகனை இழந்த ஒரு வீட்டுக்குப் போகவேண்டும். கேட்டால் இந்தச் சங்கீதத்தை வாசிப்பேன். கேட்காவிட்டால் வந்துபோகிறவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுக்க ஆள் வேண்டியிருக்கும்; அடுப்படியில் நிற்பேன்.